கண்ணுக்கு நேரே தெரிகிற கேள்வி

பெட்டியின் ஜிப் பாதி வழியில் சிக்கிக்கொண்டுவிட்டது. புஷ்பம் முழங்காலை அதன்மேல் ஊன்றி இழுக்கிறாள், கொஞ்சம் நகர்ந்து மறுபடி நின்றுவிடுகிறது, நான் எதிர்க் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரமாக ஒரே பக்கத்தைப் படிக்கிற மாதிரி பாவனை பண்ணிக்கொண்டிருக்கிறேன். கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என்ன, பெட்டி கட்டுறியா? அவ்வளவுதான். கண்ணுக்கு நேரே பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறவளிடம் பெட்டி கட்டுகிறாயா என்று கேட்க வேண்டும், உலகத்திலேயே அதைவிட அசட்டுக் கேள்வி கிடையாது, இரண்டு வருஷமாக இந்த அறையில் அதை நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், விடுதியே கேட்கிற மாதிரி மைக்கில்கூடச் சொன்னேன். இப்போது அந்த அசட்டுக் கேள்வி தவிர வேறு ஒன்றும் வாயில் வர மாட்டேனென்கிறது. மற்றதெல்லாம் தேவையான பேச்சு. தேவையான பேச்சு எங்களுக்குள் தீர்ந்துபோய்விட்டது. நாலு மணிக்கு ஆட்டோ வரும், என்று காலையில் சொன்னாள். சாவி ஜன்னல்ல இருக்கு, என்று மத்தியானம் சொன்னாள். நேற்றோடு அவளுக்குப் பரீட்சை முடிந்தது, தாவரவியல் முடிந்தது, சாத்தான்குளத்துப் பக்கம் அவள் ஊர், இங்கே அவளுக்கு இனி வேலை இல்லை. எனக்கு நாளை மறுநாள் பொருளியல் கடைசித் தாள். தங்கபுஷ்பம் இந்தக் கதவு வழியாக வெளியே போனால் அதோடு சரி, அப்புறம் யார் கல்யாணப் பத்திரிகையாவது வாட்ஸ்அப்பில் வரும், ஒரு பூ, ஒரு கைகூப்பு. அதற்குள் ஒரு வார்த்தை. ஒரே ஒரு வீண் வார்த்தை. என்ன எழில், இவ்வளவு பேசுவாயே, பேசு.

முதல் நாள் நான் குளித்துவிட்டு வந்தபோது, தலையில் துண்டு, கையில் சோப்பு டப்பா, நடந்து வந்த வழியெல்லாம் தண்ணீர், அவள் கட்டிலில் உட்கார்ந்து தலை பின்னிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, என்னட்டி, குளிச்சிட்டு வாரியா, என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டாம் நாளும் கேட்டாள். மூன்றாம் நாள் எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தால், சாப்பிடுதியா? துணி உலர்த்தினால், துணி காயப்போடுதியா? லைட்டை அணைத்துவிட்டுப் போர்வையை இழுத்தால் இருட்டிலிருந்து, படுத்துட்டியா? ஆமாம் தாயே, படுத்துட்டேன், படுத்தவளைத்தான் எழுப்பிக் கேட்கிறாய். அதோடு நின்றதா, ஒரு பொருளுக்கு ஒரு சொல் போதாது அவளுக்கு. கேட்டுக் கதவைச் சாத்து. நடு சென்டர்ல நிக்காத. இன்னிக்கு லேட்டா தாமதமாயிட்டு பாத்துக்கோ. மறுபடியும் ரிட்டர்ன் வந்துட்டேன். நான் படித்த பிள்ளை, என் வீட்டில் அப்பா கரண்ட் பில் கட்டியாச்சா என்று கேட்டால் அம்மா ம் என்பாள், அதற்குமேல் ஒரு மாத்திரை கிடையாது, அப்படி வளர்ந்தவள். செங்கல்பட்டில் எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருவரிடம் குளித்துவிட்டு வருகிறாயா என்று கேட்டதில்லை. அதை நான் ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு ஒழுங்கான வீடு, கடிகார முள் நகர்கிறது கேட்கும். அதனால் புஷ்பத்திடம் வாதாடினேன், வாதாடுவது எனக்குச் சாப்பாடு மாதிரி. கண் எதுக்குடி இருக்கு, என்பேன். அவள் யோசித்து, பாக்கத்தான், என்பாள். பாத்துட்ட இல்ல, அப்புறம் எதுக்குக் கேக்குற? சும்மா கேட்டேன்ட்டி, என்பாள். சும்மான்னா என்ன? சும்மான்னா சும்மாதான். இதற்கு மேல் எந்தத் தர்க்கத்தை வைத்து எங்கே குத்துவது. நான் கத்தி கத்தி முடித்ததும், மூச்சு வாங்குது பாரு, தண்ணி குடிக்கியா, என்று சொம்பை நீட்டுவாள், வாங்கிக் குடித்துக்கொண்டிருக்கும்போதே, என்ன, குடிக்கியா, என்பாள், எனக்குப் புரை ஏறும், அவள் என் உச்சந்தலையில் தட்டுவாள். அந்தத் தட்டு. அதை ஏன் இப்போது நினைக்கிறேன்.

கொடியிலிருந்து அவள் துணிகளை எடுக்கிறாள். அறைக்குக் குறுக்கே ஜன்னல் கம்பிக்கும் அலமாரி ஆணிக்கும் நடுவில் கட்டிய நீல நைலான் கயிறு, அவள் கயிறுதான், வந்த அன்றைக்கே ஊரிலிருந்து கொண்டுவந்து கட்டினாள், பாதி உனக்கு பாதி எனக்கு என்று நடுவில் ஒரு முடிச்சு வேறு போட்டாள், அந்த முடிச்சை இரண்டு பேருமே ஒரு நாளும் மதித்ததில்லை. அவளுடைய பச்சைச் சுடிதாரை எடுக்கிறாள், என் துண்டை விடுகிறாள், அவள் பாவாடையை எடுக்கிறாள், என் நைட்டியை விடுகிறாள். என்ன, துணி எடுக்குறியா? சொல்லிவிடலாம். இப்போது சொன்னால் பொருத்தமாக இருக்கும். எழிலரசி, உனக்கு அவகாசம் ஒரு நிமிஷம், நடுவர் மணியை அடிக்கப்போகிறார். இல்லை, அந்த மணி வேண்டாம். அந்த மேடை வேண்டாம். ஆனால் வேண்டாம் என்றால் நினைப்பு நிற்கிறதா, ஜிப் மாதிரி அங்கேயே போய்ச் சிக்குகிறது. விடுதி நாள். பட்டிமன்றம். வீட்டுப் பேச்சில் நாம் பெரிதும் வீணாக்குவது நேரத்தையா சொல்லையா. சொல்லைத்தான் வீணாக்குகிறோம் என்கிற அணிக்கு நான் தலைவி. தமிழ்த்துறை மேடம் நடுவர். எதிரணி பிரிசில்லா காலையில் கண்ணாடி முன் நிற்கிற நேரத்தைப் பற்றிப் பேசி நாலு கைதட்டு வாங்கிவிட்டு உட்கார்ந்தாள். நான் எழுந்தேன். நடுவர் அவர்களே, என் அறையில் ஒரு அதிசயம் வசிக்கிறது, என்று ஆரம்பித்தேன். பின்வரிசையிலிருந்து யாரோ, புஷ்பம்டீ, என்று கத்தினார்கள். எனக்கு அது போதும். சொட்டச் சொட்ட நனைஞ்சு வரேன், தலையில துண்டு, கையில சோப்பு டப்பா, அம்மணி கேக்குறாங்க, என்னட்டி, குளிச்சிட்டு வாரியா? இல்லம்மா, எங்கேயோ தீப்பிடிச்சுதுன்னு கூப்பிட்டாங்க, அணைச்சிட்டு வரேன்! கூடம் இடிந்துவிழுந்தது. அவள் குரல் எனக்கு அச்சாக வந்தது. அந்த இழுப்பு, அந்த ட்டி, கழுத்தைக் கொஞ்சம் சாய்க்கிற சாய்ப்பு. நடு சென்டரைச் சொன்னேன், கேட்டுக் கதவைச் சொன்னேன். கடைசியில், போறவ போறேன்னு சொல்ல வேண்டியதுதானே, ஊரே போயிட்டு வரேங்குது, போறதுக்கு ஒரு சொல் வரதுக்கு ஒரு சொல், பஸ்ஸு கிளம்பறதுக்கு முன்னாடியே திரும்பி வந்தாச்சு, நடுவர் அவர்களே, வீண், வீண், வீண், என்று மூன்று தடவை சொல்லி முடித்தேன். வீண் என்பதை மூன்று தடவை சொன்னதை ஒருவரும் கவனிக்கவில்லை. நானும்தான். புஷ்பம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். சிரித்தாள். நான் பார்த்தேன், வாயைப் பொத்திக்கொண்டு எல்லாரையும்போலச் சிரித்தாள், பக்கத்தில் இருந்தவள் அவள் தோளில் இடித்தபோது இன்னும் கொஞ்சம் அதிகமாகச் சிரித்தாள். சிரிச்சியே, அப்ப என்ன? பிடிக்கலைன்னா எழுந்து போயிருக்கணும், ராத்திரி அறைக்கு வந்து என்னைத் திட்டியிருக்கணும், சோப்பு டப்பாவைத் தூக்கி எறிஞ்சிருக்கணும். சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன், இல்லை தோற்றிருப்பேன், ஏதோ ஒன்று நடந்திருக்கும். அவள் ஒன்றும் செய்யவில்லை. நான் பரிசுக் கோப்பையோடு அறைக்குள் வந்தேன், நிமிர்ந்து பார்த்தாள், வாய் திறந்தது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, வந்துட்டியா என்று கேட்கத் திறந்த வாய்தான் அது, அப்படியே மூடிக்கொண்டாள். என் வாதத்தை ஒப்புக்கொண்டுவிட்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது. என்னிடம் இதுவரை யாரும் அப்படி முழுசாகத் தோற்றதில்லை.

முதல் ஒரு வாரம் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கே சொல்லிக்கொள்வதுதானே, இதில் என்ன வழக்கு. படிக்க முடிந்தது. குளித்துவிட்டு வந்தால் யாரும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் குளித்துவிட்டு வந்து கதவருகிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். எதற்கு நின்றேன் என்று தெரியவில்லை, ஈரம் சொட்டியது, அவள் இலைகளை அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. நான் குளித்துவிட்டு வந்தேனா வரவில்லையா என்று எனக்கே சந்தேகம் வந்த மாதிரி இருந்தது. பேசவில்லை என்றும் சொல்ல முடியாது. பேசினாள். தண்ணி வந்துட்டு. உனக்கு போன். மெஸ்ஸுல இன்னிக்குப் பூரி. ஒவ்வொன்றும் தந்தி மாதிரி, ஒரு சொல் கூடுதல் கிடையாது, நான் மேடையில் கேட்டது எதுவோ அது. கோபம் இருந்ததா என்றால் அதுவும் இல்லை, என் தட்டையும் சேர்த்துத்தான் கழுவினாள். மாசியில் ஒரு நாள் பையை எடுத்துக்கொண்டு, ஊருக்குப் போறேன், என்றாள். போறேன். நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினேன். எங்கள் பக்கத்திலும் போறேன் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள், கடைக்குப் போகிறவன்கூடப் போயிட்டு வரேன் என்பான், சாவு வீட்டில்தான் சொல்லாமல் போவார்கள். ஏன் போற, என்னாச்சு, என்று கேட்டிருக்கலாம். அது தேவையான கேள்விதானே, என் சட்டப்படியே செல்லும். கேட்கவில்லை. விஷயம் இருந்தால் சொல்லுவாள் என்று இருந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து மெஸ்ஸில் பேச்சியக்கா சாம்பார் ஊற்றிக்கொண்டே, உன் ரூம் புள்ளையோட அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிதாமே, கர்ப்பப்பையை எடுத்துட்டாங்களாமே, பாவம், ஒத்தப் புள்ளையா நின்னு பாத்திருக்கு, என்றாள். நான் ஆமாக்கா என்றேன். தெரிந்த மாதிரி. தட்டில் சாம்பார் ரசத்தோடு கலந்து ஓடியது, நான் ஆமாக்கா ஆமாக்கா என்றேன். சமையல்கட்டுக்குத் தெரிந்திருக்கிறது. அவர்கள்தான் அவளிடம், என்ன புள்ள, முகம் வாடியிருக்கு, சாப்பிட வந்தியா, என்று கேட்டிருப்பார்கள். தட்டோடு வரிசையில் நிற்கிறவளிடம் சாப்பிட வந்தியா என்று கேட்டிருப்பார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் இந்தச் செய்தி வரும்போலிருக்கிறது. முதலில் குளிச்சிட்டியா, அப்புறம் சாப்பிட்டியா, அப்புறம் அம்மாவுக்கு உடம்புக்கு முடியல. நான் முதல் படியைத் தட்டிவிட்டுவிட்டு மேலே இருந்து அவள் இறங்கி வருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் திரும்பி வந்த அன்று, பையைக் கீழே வைத்தாள், முகமெல்லாம் தூக்கம் இல்லாத முகம், என் நாக்கு நுனியில் இருந்தது, வந்துட்டியா. வந்து நிற்கிறாளே கண்ணுக்கு நேரே. அதைக் கேட்டால் என் வாதம் என்ன ஆவது. அதை எண்ணி, ஐயோ, அதை எண்ணித்தான், நான் கேட்கவில்லை. ம், என்றேன். அம்மா எப்பவும் சொல்கிற அதே ம்.

ஜிப் மூடிவிட்டது. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் படுக்கையைச் சுருட்டுகிறாள். என் கை போய்ப் படுக்கை கட்டுகிற கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டால் என்ன, கட்டுவதற்கு ஒரு கை வேண்டும்தானே. போகவில்லை. அவள் கால் கட்டைவிரலால் கயிற்றை மிதித்துக்கொண்டு தனியாக முடிச்சுப் போடுகிறாள், அவளுக்கு யாரும் தேவைப்படாத மாதிரி அந்தக் கட்டைவிரல் அவ்வளவு கெட்டியாக மிதிக்கிறது. வாளிக்குள் கப், கப்புக்குள் சோப்பு டப்பா. நீலக் கொடியை அவிழ்க்கவில்லை. அதை விட்டுவிட்டுப் போகிறாளா, மறந்துவிட்டாளா? கொடியை விட்டுட்டுப் போறியா? இதோ ஒரு கேள்வி, இது பாதி தேவை பாதி வீண், இதைக் கேட்கலாம். கேட்டால் அவிழ்த்துவிடுவாளோ. அவிழ்த்தால் என் துண்டு எங்கே தொங்கும். துண்டைப் பற்றியா யோசிக்கிறாய், வெட்கமாக இல்லை? சரி, மன்னிச்சிடு என்று நேரே சொல்லிவிடு. அது சுத்தமான சொல், ஒரு சொல், கூடுதல் குறைச்சல் இல்லை. ஆனால் மன்னிச்சிடு என்று சொன்னால் பரவாயில்ல என்பாள். அவ்வளவுதான் முடியும் அது, ரசீது கொடுத்த மாதிரி. எனக்குப் பரவாயில்ல வேண்டாம். எனக்கு, ஆமாட்டி, பெட்டி கட்டுதேன், இந்த ஜிப்பு ஒண்ணு சவம் இழுபட மாட்டேங்கு, நீ என்ன படிக்கியா, என்கிற அந்த முழு நீளப் பதில் வேண்டும். அதற்கு அந்தக் கேள்வி ஒன்றுதான் சாவி, அந்தச் சாவியை நான் மேடையில் நின்று வளைத்துவிட்டேன். கீழே ஆரன் சத்தம். இரண்டு தடவை. ஆட்டோக்காரர்களுக்கும் ஒரு தடவை போதாது. புஷ்பம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, வாரேன் வாரேன், என்கிறாள். அவரிடம் இரண்டு தடவை சொல்கிறாள்! யார் என்று தெரியாத ஆட்டோக்காரரிடம். எனக்கு எரிகிறது. எழுந்துவிட்டேன். புத்தகம் தரையில் விழுகிறது. அவள் ஒரு தோளில் பை, ஒரு கையில் வாளி, கக்கத்தில் படுக்கை, பெட்டியை இழுத்துக்கொண்டு வாசல்படியில் நிற்கிறாள். இப்போது. என்ன புஷ்பம், என்கிறேன், குரல் தானாக இழுத்துக்கொண்டு, கழுத்து சாய்ந்து, கிளம்பிட்டியா?

அவள் திரும்பினாள். என் காதிலேயே விழுந்தது, அந்த இழுப்பு. அச்சாக அவள் இழுப்பு. அத்தனை பேர் முன்னால் பண்ணிக்காட்டிய அதே குரல், எனக்கு வேறு குரலில் அதைக் கேட்கத் தெரியவில்லை, அதைக் கேட்கிறதற்கு எனக்கு இருந்த ஒரே குரல் அவளிடம் திருடியது. சத்தியமா இல்லடி, இது அது இல்ல, இது நிஜமாக் கேக்குறேன், என்று சொல்ல வாய் திறந்தேன். அவள் சிரித்தாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்த அதே சிரிப்பு, கை இரண்டும் நிறைந்திருந்ததால் வாயைப் பொத்த முடியவில்லை, அதனால் இந்தத் தடவை முழுசாகத் தெரிந்தது. அது சிரிப்பே இல்லை. நல்லாத்தான் பண்ணுத எழில், என்றாள். போகும்போதுமா? திட்டுகிற மாதிரிகூட இல்லை, கொஞ்சம் களைத்த மாதிரி சொன்னாள். எழில் என்றாள், ட்டி இல்லை. அப்புறம், போறேன், என்றாள். பெட்டியின் சக்கரம் ஒவ்வொரு படியிலும் விழுந்து விழுந்து இறங்கியது, நான் பின்னாலேயே ஓடினேன், செருப்புப் போடவில்லை, கீழே பேச்சியக்கா கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள், அவளே வாளியை வாங்கி ஆட்டோவில் வைத்தாள், அவளே புஷ்பத்தின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள், நான் மாமரத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன், ஆட்டோ திரும்பி வேப்பமரம் தாண்டி பஸ் ஸ்டாண்டு ரோட்டில் ஏறியது. புஷ்பம் கையை வெளியே நீட்டி ஆட்டினாள். அக்காவுக்கா எனக்கா என்று தெரியவில்லை. நானும் ஆட்டினேன், யாருக்கு ஆட்டினாலும் ஆட்டலாம்.

பேச்சியக்கா கேட்டைச் சாத்திவிட்டு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். கேட்டுக் கதவை. என்னைப் பார்த்ததும் நிற்கிறாள். இத்தனையும் அவள் கையாலேயே செய்துவிட்டு, வாளியைத் தூக்கி வைத்து, கேட்டைத் திறந்து, கேட்டைச் சாத்தி, என்னிடம் வந்து, என்னம்மா, புஷ்பம் கிளம்பிடுச்சா, என்கிறாள். நான் அவள் முகத்தைப் பார்க்கிறேன். கிளம்பிட்டாக்கா, என்கிறேன். இப்பதான் கிளம்பினா. ஆட்டோவுலதான் போறா. போயிட்டாக்கா. வெறுங்காலில் சரளைக்கல் குத்துகிறது, நிறுத்த முடியவில்லை, பெட்டி எல்லாம் எடுத்துக்கிட்டா, வாளி கூட எடுத்துக்கிட்டா, கொடிக்கயிறுதான் விட்டுட்டா, பெட்டி ஜிப்பு மூடவே இல்லக்கா, ரொம்ப நேரம் மூடல, அப்புறம் மூடிட்டா. அக்கா ம் ம் என்று தலையாட்டிக்கொண்டே, இதெல்லாம் தனக்குத் தெரியாத சேதி மாதிரி, ஒவ்வொன்றையும் கேட்டுக்கொள்கிறாள். போகையில சொல்லிட்டுத்தானே போச்சு, என்கிறாள், போயிட்டு வரேன்னு?

சொன்னாக்கா, என்கிறேன். போயிட்டு வரேன்னுதான் சொன்னா. ரெண்டு தடவை சொன்னா.